அம்பாசிடர் காரின் பிரேக்கும் கொடைக்கானல் மலைச்சாலையும்

அம்பாசிடர், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை தயாரித்த கார். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட இதன் அமைப்பு திண்டுக்கல் சமவெளியின் சாலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. அதே ஊரிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறித் திரும்பும்போதுதான் அதன் எல்லை தெரிந்தது.

மலையும் வெப்பமும்

திண்டுக்கல் நகரம் பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடையிலான சமவெளியில் உள்ளது. சிறுமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வத்தலகுண்டைக் கடந்து காட்ரோடு சந்திப்பில் தொடங்கும் கொடைக்கானல் மலைச்சாலை அதைவிட நீண்டது. மேஜர் லா என்ற ஆங்கிலேயரின் பெயரால் வழங்கிய இச்சாலை 1910-களின் நடுப்பகுதியில் உருவானது. அதற்கு முன் மலைக்குச் சென்றவர்கள் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினர்.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து அடிவாரத்துக்கு இறக்கம் சுமார் 1,800 மீட்டர். ஆட்களும் சுமையும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளியிடும் ஆற்றலைக் கொண்டு ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். ஒரு பங்கை என்ஜினும், ஒரு பங்கைக் காற்றின் தடையும் ஏற்கும். மீதி முழுவதும் பிரேக்கின் பொறுப்பு.

டிரம் பிரேக்கில் லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்கள், மூடிய இரும்பு டிரம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்குவதால் குறைந்த மிதியிலேயே நல்ல பிடி கிடைக்கும். பூஸ்டர் இல்லாமலே இந்த கார் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உள்ளே உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடான டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் உராய்வே குறைந்துவிடும். பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 டிகிரி வரை இறங்கக்கூடும். காருக்கு ஒன்றும் செய்யாமல் ஆயிலை மட்டும் காலத்தில் மாற்றுவதே மலிவான மேம்பாடு. அதைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள்.

உதிரிபாகத் தொழில்

மதுரையில் பேருந்துத் தொழிலில் வேரூன்றிய டிவிஎஸ் குழுமம், பிரிட்டனின் லூகாஸ் குழுமத்துடன் சேர்ந்து 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைச் சென்னை பாடியில் தொடங்கியது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இல் உருவானது. பிரேக் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கியதால், லைனிங் மாற்றுவதும் டிரம்மைக் கடைசல் பிடிப்பதும் சிறிய ஊர்ப் பட்டறைகளின் அன்றாட வேலையாயின. அக்கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. வெப்பத்தைத் தாங்கிய அதே பொருளின் தூசு நுரையீரலுக்குக் கேடு. டிரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதும் வழக்கத்துக்கு விலை கொடுத்தவர் மெக்கானிக்கே. காரின் பாதுகாப்பைப் பேசும் நூல்களில் இது அதிகம் இடம்பெறுவதில்லை.

பூஸ்டரும் டிஸ்க்கும்

பழைய அம்பாசிடரில் முதலில் செய்யத் தோன்றும் மாற்றம் பூஸ்டர். பெல்ஜியத்தின் ஆல்பர்ட் டெவாண்டர் 1920-களில் உருவாக்கிய இந்த அமைப்பு, என்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு மிதியின் வலிமையைப் பெருக்குகிறது. பெடல் இலகுவாவதால் பிரேக் வலுத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பூஸ்டர் வெப்பத்தைக் குறைப்பதில்லை. கொதிக்கும் டிரம்மை இன்னும் பலமாக அழுத்த மட்டுமே உதவும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கும் பழக்கம் உள்ளவருக்கு அது ஆபத்தும்கூட. இரண்டு மூன்று மிதிகளில் சேமித்த வெற்றிடம் தீர்ந்துவிடும். டீசல் காருக்குத் தனி வெற்றிடப் பம்ப் வேண்டும்.

வெப்பச் சிக்கலுக்கான விடை டிஸ்க் பிரேக். 1953-இல் லே மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றபின் இது உலகக் கவனம் பெற்றது. திறந்த வெளியில் சுழலும் தட்டு காற்றில் வேகமாகக் குளிரும். அம்பாசிடரின் பிற்கால வகைகளில் முன்சக்கரங்களுக்கு இது வந்தது. பழைய காரில் இதைப் பொருத்துபவர் கேலிப்பரை மட்டும் மாற்றினால் போதாது. டிஸ்க்கில் தானாக இறுகும் தன்மை இல்லாததால் பூஸ்டர் தேவை. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சிறு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் பேட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே சூடாகும். முன், பின் பிரேக்குகளின் சமன் கெட்டுப் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால், வளைவில் காரின் பின்புறம் வழுக்கி வெளியே போகும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாக இயங்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் இதே வேலையோடு செய்யத் தக்கது. ஒரு குழாய் உடைந்தாலும் மறுபாதி பிடிக்கும்.

எதையும் மாற்றாமலே வெப்பத்தைக் குறைக்கும் வழி ஒன்றுண்டு: ஏறிய கியரிலேயே இறங்குவது. மலைச்சாலை ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் இந்த விதியில், என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது; பிரேக் வளைவுகளுக்கு மிச்சப்படுகிறது.

சட்ட நிலை

மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த கார் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பட்டியலில் பிரேக் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எனினும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், டிஸ்க் பூட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது வழக்கம்.