அசையாத பூச்சி

1914இல் வாஷிங்டனில் நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கம் ஒரு புத்தகம் வெளியிட்டது. பெயர் 'புக் ஆஃப் மான்ஸ்டர்ஸ்', அதாவது பூதங்களின் புத்தகம். திறந்தால் பூதம் எதுவும் கிடையாது. வெட்டுக்கிளி, சிலந்தி, ஈ, வண்டு, கம்பளிப்பூச்சி இவைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நேருக்கு நேராக நம்மை முறைக்கும். எடுத்தவர்கள் டேவிட் ஃபேர்சைல்டும் அவர் மனைவி மரியனும். மரியன் தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் மகள். டேவிட் அமெரிக்க வேளாண் துறைக்காக உலகெங்கும் அலைந்து விதையும் செடியும் கொண்டுவந்தவர். இளைஞராக இருந்தபோது ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் தங்கிக் கரையான்களை ஆராய்ந்தவரும்கூட. அவ்வளவு ஊர் சுற்றியவர், கடைசியில் பூதங்களைத் தேடிப் போனது மேரிலாந்தில் இருந்த சொந்த வீட்டுத் தோட்டத்துக்கு.

அந்தப் படங்களில் ஒரு விஷயம் உண்டு. உயிரோடு பாய வருவதுபோல் நிற்கும் அந்தப் பூச்சிகள் எல்லாம் செத்தவை. கொன்று, மெழுகுக் கட்டையின்மேல் நிறுத்தி, கால் கால்களாக ஊசியால் இழுத்துச் சரிசெய்து, உயிருள்ளதைப்போல 'போஸ்' கொடுக்கவைத்து எடுத்தவை. ஃபேர்சைல்ட் இதை மறைக்கவில்லை. எப்படிச் செய்வது என்று புத்தகத்திலேயே எழுதினார். அன்றைக்கு யாருக்கும் அது தவறாகவும் தெரியவில்லை.

ஏன் கொல்ல வேண்டும்? கொடுமை மனசு என்று சொல்லிவிட முடியாது. காரணம் ஒளியியலில் இருக்கிறது. ஒரு சின்னப் பொருளைப் பெரிதாக்க லென்ஸை ஃபிலிமிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். தள்ளத் தள்ள வெளிச்சம் குறையும். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே ஃபிலிமில் விழவைக்க நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கினால் நூறு மடங்குக்கும் மேல். கூடவே இன்னொரு சிக்கல்: நெருங்க நெருங்கத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். கண் தெளிவாக இருந்தால் கொம்பு மங்கிவிடும். ஆழத்தைக் கூட்ட லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் வெளிச்சம் மறுபடியும் போச்சு. மிச்சம் இருப்பது ஒரே வழி, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைப்பது. அவ்வளவு நேரம் எந்த ஈ உட்கார்ந்திருக்கும்? செத்த ஈதான் உட்கார்ந்திருக்கும்.

இதற்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு பழக்கமும் இருந்தது. பூச்சியை அறிவது என்றாலே அதைப் பிடித்து ஊசியில் குத்துவது என்பதுதான் 19ஆம் நூற்றாண்டு. நம் பக்கத்துக் கதையே அதற்குச் சாட்சி. 1854இல் சிங்கப்பூர் வந்த ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ், புக்கிட் தீமா காட்டில் ஒரு சதுர மைலுக்கு மேல் போகாத இடத்தில், இரண்டே மாதத்தில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். வலை, புட்டி, ஊசி, பெட்டி. அதே காலத்துப் பிரான்ஸில் ழான் ஹென்றி ஃபாப்ர் என்ற ஏழைப் பள்ளி ஆசிரியர் வேறு மாதிரி யோசித்தார். 1879இல் செரிஞான் கிராமத்தில் கல்லும் முள்ளுமான ஒரு துண்டு நிலத்தோடு வீடு வாங்கி, வெயிலில் மண்ணில் குந்தியிருந்து, குளவி என்ன செய்கிறது என்று உயிரோடு பார்த்தார். பத்துத் தொகுதிகள் எழுதினார். அவருடைய மகன் பால் பிற்பாடு அந்தப் பூச்சிகளைப் படம் எடுத்தார். ஆனால் தகப்பனார் வார்த்தையில் காட்டிய அசைவைப் பிடிக்க அந்தக் காலக் கேமராவுக்கு முடியவில்லை.

அசைவைப் பிடிக்கப் பார்த்த இன்னொருவர் லண்டன் குமாஸ்தா. பெர்சி ஸ்மித், கல்வி வாரியத்தில் வேலை. ஒரு நீல ஈயின் நாக்கை நெருக்கமாகப் படம் எடுத்துவைத்திருந்தார். அதைப் பார்த்த சினிமா தயாரிப்பாளர் சார்லஸ் அர்பன் அவரைப் பிடித்துக்கொண்டார். 1908இல் ஸ்மித் எடுத்த படத்தில் ஓர் ஈ மல்லாந்து கிடந்து, தன்னைவிடப் பெரிய உருண்டையைக் கால்களால் சுழற்றும். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஈ சாகவில்லை, கட்டிப்போடப்பட்டிருந்தது. அடுத்த வருஷம் சிலந்தி எப்படிப் பறக்கிறது என்று காட்டும் படம் எடுத்தார். அதில் நடித்தது நிஜச் சிலந்தி அல்ல, அவரே செய்த பொம்மை. கொன்ற பூச்சி, கட்டிய பூச்சி, பொம்மைப் பூச்சி: 1914க்குள் இவர்கள் கையாண்ட வழிகள் இவை.

இங்கேதான் இலையுதிர் காலம் வருகிறது.

நமக்கு அது பாடப்புத்தகத்துப் பருவம். மேப்பிள் இலை சிவக்கும், காற்று அடிக்கும், கதாநாயகி கோட்டு போட்டுக்கொண்டு நடப்பாள். ஆனால் பூச்சியைப் படம் பிடிக்கிறவர்களுக்கு அது வேறு. பூச்சிக்கு நம்மைப்போல உடம்புச் சூடு நிலையாக இருக்காது. வண்டுத்தேனீ பறக்க வேண்டுமென்றால் அதன் பறக்கும் தசை ஏறத்தாழ 30 டிகிரிக்குச் சூடேற வேண்டும். அக்டோபர் காலையில் இங்கிலாந்துத் தோட்டத்தில் குளிர் 5, 6 டிகிரியில் நிற்கும்போது அது பூவைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். மேலெல்லாம் பனித்துளி. ஒரு மணி நேரம் நீங்கள் முக்காலியை நகர்த்தி நகர்த்தி வைக்கலாம், அது கேட்காது. ஃபேர்சைல்ட் விஷத்தால் வரவழைத்த அசையாமையை இலையுதிர் காலம் குளிரால் தருகிறது. வெயில் ஏறியதும் தசையை நடுக்கி நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு அது பறந்துவிடும். உயிரோடு.

இன்னொன்று, வேறு எல்லாம் காய்ந்துபோகும் அந்த மாதங்களில்தான் ஐவிக் கொடி பூக்கும். அந்த ஆண்டின் கடைசித் தேன். அதனால் மிச்சமிருக்கும் எல்லாரும் ஒரே சுவரில் கூடுவார்கள்: கிழிந்த இறக்கையோடு ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி, குளவிபோல மஞ்சள் கறுப்பு வரி போட்டு ஏமாற்றும் ஹோவர் ஈ, குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் ராணிக் குளவி. முதுகில் வெள்ளைச் சிலுவை போட்ட தோட்டச் சிலந்தி வயிறு புடைக்க வலை நடுவில் உட்கார்ந்திருக்கும். முட்டையிட்டதும் அவள் கதை முடிந்தது. குஞ்சுகள் அடுத்த வசந்தத்தில்தான். பெர்சி ஸ்மித் பொம்மையால் காட்டிய வித்தையை நிஜச் சிலந்திகள் நடத்துவதும் அதிகம் இந்தப் பருவத்தில்தான். அமைதியான இளவெயில் நாளில் புல் நுனியில் ஏறி, நூலை விட்டு, காற்றோடு போய்விடுவார்கள். மறுநாள் காலை புல்வெளி முழுக்க நூல் மின்னும்.

குளிருக்குக் காத்திராமல் பறக்கிறதையே நிறுத்திக் காட்டியவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன். எம்.ஐ.டி.யில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1930களில் வளர்த்த மின்னொளிப் பளிச்சுதான் அவருக்கு அடிப்படை. டால்டன் 1970களில் நொடியில் 25,000இல் ஒரு பங்கு நேரமே மின்னும் விளக்கைச் செய்வித்து, பூச்சி தானே ஓர் ஒளிக்கற்றையைக் கடக்கும்போது படம் விழும்படி வைத்தார். 1975இல் வந்த அவருடைய 'போர்ன் ஆன் த விண்ட்' புத்தகத்தில் இறக்கை ஒவ்வொன்றும் காற்றில் கல்லாக நின்றது. அதிலிருந்து ஒரு படம் 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் ஏறிப் போனது. வேற்றுக்கிரகவாசிகளுக்கு நாம் அனுப்பிய பூச்சி செத்த பூச்சி அல்ல. அதற்கு மனிதனுக்கு அறுபது வருஷம் பிடித்திருக்கிறது.

இதோடு முடித்தால் நல்ல கதை. வலையிலிருந்து லென்ஸுக்கு, கொலையிலிருந்து கருணைக்கு. இன்று கைப்பேசியே போதும், யார் வேண்டுமானாலும் பூச்சியின் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் வரலாறு அவ்வளவு சுத்தமாக இல்லை.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் 1972 முதல் 30 ஆண்டுகள் தன் வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணினார். சாதாரணப் புறநகர் வீடு, புல்தரை, காய்கறிப் பாத்தி. கணக்கு: 2,673 வகை உயிர்கள். அவற்றில் 1,997 பூச்சிகள். பிரிட்டனிலேயே அதுவரை காணாதவை 20, அறிவியலுக்கே புதியவை 4. இந்தக் கணக்கை அவர் கேமராவால் எடுக்கவில்லை. கூடாரம் போன்ற மலேஸ் பொறியை நட்டுவைத்தார். அதில் ஏறிய பூச்சிகள் உச்சியிலிருந்த திரவப் புட்டியில் விழுந்து செத்தன. ஒட்டுண்ணிக் குளவிகளை வகை பிரிக்க வேண்டுமென்றால் நுண்ணோக்கியின் கீழ் நரம்பையும் உறுப்பையும் பார்த்தாக வேண்டும். எத்தனை அழகான படமும் அங்கே உதவாது.

2017இல் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி இன்னும் கனமானது. கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தார், பெரும்பாலும் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாத ஆர்வலர்கள், 27 ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் இதே மாதிரிப் பொறி வைத்து, விழுந்ததை எடை போட்டு வைத்திருந்தார்கள். 63 இடங்கள். பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. உலகமே திடுக்கிட்டது. யோசித்துப் பாருங்கள், அதே 27 ஆண்டுகளில்தான் பூச்சிப் படங்கள் இதுவரை இல்லாத அளவுக்குப் பெருகின. நாம் எடுத்த படங்கள் எதுவும் அந்தச் சரிவை நமக்குச் சொல்லவில்லை. சொன்னவை புட்டியில் செத்துக் கிடந்தவை.

ஏனென்றால் படம் இருப்பதைத்தான் காட்டும். இன்று தோட்டத்தில் ஒரே ஒரு தேனீ வந்தாலும் நம்முடைய படத்தில் அது சட்டம் முழுக்க நிறைந்திருக்கும். வராமல்போன பத்தொன்பதும் சட்டத்துக்குள் வராது.

அதற்காகக் கேமராவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஐவித் தேனீயின் கதை அதற்குப் பதில். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாகக் கண் முன்னால் பறந்த இந்தத் தேனீயைத் தனி வகை என்று அறிவியல் பெயரிட்டதே 1993இல்தான். 2001இல் இங்கிலாந்தின் டோர்செட் கரையில் தென்பட்டது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு வடக்கே ஏறியது. அது பறப்பது செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை, பெரும்பாலும் ஐவிப் பூவில். அதனால் சாதாரண ஆட்கள் எடுத்த படங்களை வைத்தே அடையாளம் காண முடிந்தது. தேதியும் இடமும் சேர்த்து அவர்கள் அனுப்பிய படங்களால்தான் அது பரவிய வரைபடம் வளர்ந்தது. ஆசியாவிலிருந்து அசுவினியைத் தின்ன ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 2004இல் பிரிட்டனில் பதிவான ஹார்லிக்வின் பொறிவண்டையும் அப்படித்தான் தொடர்ந்தார்கள். அக்டோபரில் அது குளிருக்கு ஒதுங்கி வீட்டு ஜன்னலில் கூட்டமாக வந்து உட்காரும். மக்கள் படம் எடுத்து அனுப்பினார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கேமரா அதேதான். ஒரு படம் அழகுக்காக எடுத்துப் பகிரப்பட்டது. இன்னொன்றில் எங்கே, எப்போது என்ற விவரம் இருந்தது. ஓவன் செய்ததும் சாராம்சத்தில் அதுவே. ஒரே தோட்டம், வருஷா வருஷம் திரும்பப் பார்த்தல். அவர் பிற்காலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் நோயால் முடங்கியபோதும் கணக்கை விடவில்லை. புத்தகம் 2010இல் வந்தது.

ஃபேர்சைல்ட் தம்பதியின் பூதங்களை இன்றைக்குப் பார்த்தால் மனசு கொஞ்சம் கூசும். ஆனால் அவர்கள் ஒவ்வொன்றின் கீழும் அது என்ன பூச்சி, எப்படி வாழ்கிறது என்று எழுதிவைத்தார்கள். நம்முடைய கைப்பேசியில் ஆயிரம் படம் இருக்கிறது, எல்லாம் உயிரோடு. எத்தனைக்குப் பெயர் தெரியும்? எந்தச் செடி, எந்த மாதம், போன வருஷம் அதே செடியில் வந்ததா? அடுத்த முறை ஒரு பூச்சியை எடுக்கும்போது இதை மட்டும் கூட எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் அதே வாரத்தில் அதே செடிக்குப் போங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அதையும் எழுதிவையுங்கள்.