போவி கோட்டை

போவி கோட்டை ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்கிழக்கில் உள்ள, கைவிடப்பட்ட படைத்தளம் ஆகும். டோஸ் கபேசாஸ், சிரிகாவா மலைகளுக்கு இடைப்பட்ட அப்பாச்சி கணவாயில் அமைந்துள்ள இது, இன்று தேசிய வரலாற்றுக் களமாகப் பாதுகாக்கப்படுகின்றது. கோட்டை என்று அழைக்கப்பட்டாலும் இதற்கு மதில் கிடையாது. வறண்ட இப்பகுதியில் வற்றாத அப்பாச்சி சுனையே இவ்விடத்தின் வரலாற்றுக்குக் காரணம்.

வரலாறு

சிரிகாவா அப்பாச்சி மக்கள் நெடுங்காலமாக இச்சுனையைப் பயன்படுத்தி வந்தனர். 1858 இல் பட்டர்ஃபீல்ட் அஞ்சல் வண்டி நிறுவனம் இதனருகே நிலையம் அமைத்தது. 1861 பெப்ரவரியில், ஒரு சிறுவனைக் கடத்தியதாகத் தலைவர் கொச்சீஸ் மீது லெப்டினன்ட் ஜார்ஜ் பாஸ்கம் தவறாகக் குற்றஞ்சாட்டி அவரைச் சிறைப்பிடிக்க முயன்றார். கொச்சீஸ் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு தப்பினார். இருதரப்பிலும் பிணையாளிகள் கொல்லப்பட்டனர். கொச்சீசின் சகோதரரும் தூக்கிலிடப்பட்டார். இதனைத் தொடர்ந்து பல்லாண்டுப் போர் மூண்டது.

1862 சூலையில் சுனைக்கு வந்த கலிபோர்னியப் படையினரைக் கொச்சீசும் மங்காஸ் கொலராடாசும் தாக்கினர். பீரங்கிகளின் துணையால் படையினர் சுனையைக் கைப்பற்றினர். அம்மாதமே முதல் கோட்டை எழுந்தது. 1868 இல் அருகிலிருந்த மேட்டுநிலத்தில் பெரிய கோட்டை கட்டத் தொடங்கப்பட்டது. 1872 இல் ஏற்பட்ட அமைதியின் பயனாகச் சிரிகாவாக்களுக்கு இங்கேயே ஒதுக்ககம் கிடைத்தது. கொச்சீஸ் 1874 இல் இறந்தார். 1876 இல் ஒதுக்ககம் நீக்கப்பட்டது.

1886 செப்டம்பர் 4 இல் சரணடைந்த ஜெரோனிமோ இங்கு கொண்டுவரப்பட்டு, நான்கு நாட்களில் புளோரிடாவுக்குத் தொடருந்தில் அனுப்பப்பட்டார். அவரைத் தேடிச் சென்று சரணடையச் செய்த அப்பாச்சி சாரணர் மார்ட்டீன், கயீட்டா ஆகியோரும் அவருடனேயே கைதிகளாக அனுப்பப்பட்டனர். படைக்கு உழைத்தோர் பெற்ற கைம்மாறு இதுவே. எஞ்சியோர் 1913 வரை, 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாக இருந்தனர். விடுதலைக்குப் பின்னரும் அரிசோனாவுக்குத் திரும்ப அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. கோட்டை 1894 இல் கைவிடப்பட்டது.

பார்வையிடல்

வாகனத்தை நிறுத்திவிட்டு ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நடந்தே இடிபாடுகளை அடையவேண்டும். நடக்க இயலாதோருக்கு மாற்று வழி உண்டு. கோடையில் வெப்பம் கடுமையாதலால் குடிநீர் எடுத்துச் செல்வது இன்றியமையாதது. பாதையில் அஞ்சல் நிலையத்தின் அடித்தளம், இடுகாடு, சுனை ஆகியன வரிசையாக எதிர்ப்படும். சுடாத செங்கல்லாலான சுவர்கள் மழையில் கரைவதால் அவற்றின்மீது காப்புப் பூச்சு பூசப்பட்டுள்ளது. சுவர்களில் ஏறுதல் கூடாது.

இடுகாட்டிலிருந்த படையினரின் உடல்களிற் பெரும்பாலானவை 1895 இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டன. ஜெரோனிமோவின் இரண்டு வயது மகன் லிட்டில் ரோபின் கல்லறைக் குறி இங்கு உள்ளது.