சாய ரகசியம் கப்பலேறிய கதை

தொழில் உளவுன்னா நமக்கு கம்ப்யூட்டர் திருட்டுதான் ஞாபகம் வரும். நம்ம சோழமண்டலக் கரையில 1742-லேயே அப்படி ஒண்ணு நடந்திருக்கு.

இங்கத்திய சாயத் துணிக்கு ஐரோப்பாவில் ஏகப்பட்ட மவுசு. உள்ளூர்த் தொழிலைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-லேயே அதற்குத் தடை போட்டது. ஆனாலும் துவைத்தால் போகாத அந்தச் சிவப்பின் சூட்சுமம் அங்கே சரியாகப் பிடிபடவில்லை.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739. மூன்றே வருஷத்தில் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார் முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைப்பது, படிகாரம் தடவுவது, சாயவேரில் கொதிக்க வைப்பது, எல்லாம் அதில் உண்டு. தான் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரர்களை வெவ்வேறு சமயத்தில் தனித்தனியாக விசாரித்தாராம். போலீஸ் விசாரணை மாதிரிதான்!

கடிதம் அச்சானது. அதைப் படித்த பியர் புவாவ்ர் தன் குறிப்புகளைச் சொல்ல, கேர்தூ 1747-ல் மறுபடி எழுதினார். வாசகர் விமர்சனத்தால் ரகசியம் இன்னும் துல்லியமாச்சு. இதே புவாவ்ர்தான் பின்னாளில் டச்சுக்காரர் பொத்திவைத்த ஜாதிக்காய், கிராம்புச் செடிகளை ஆளனுப்பி மொரீசியசுக்குக் கொண்டுவந்தவர்.

1759-ல் பிரான்சில் தடை நீங்கியது. அடுத்த வருஷமே ழூயியில் ஓபர்காம்ப் பட்டறை வைத்தார். பழியெல்லாம் கடிதத்தின் மேலேயே போட முடியாது. 1783-ல் இங்கிலாந்தில் தாமஸ் பெல் காப்புரிமை வாங்கிய உருளை அச்சோடு, கையால் வரைகிறவர் எப்படிப் போட்டி போடுவார்?

கருக்களாச்சேரி போன்ற மணல் கரைகளில் தானாக வளரும் செடி சாயவேர். அதை நம்பியவர்கள் சொன்ன பதில்களுக்கு என்ன கூலி கிடைத்தது?