ஜகார்த்தாவில் கேட்ட கூச்சல்

1962-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஜகார்த்தா நகரில் தென் கொரியாவை 2-1 என்ற கணக்கில் ஜெயித்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது. நம் கோஷ்டி எங்காவது போய் உதைபட்டுத் திரும்பும் போதெல்லாம் பெரியவர்கள் பெருமூச்சோடு இதை எடுத்துச் சொல்வதுண்டு. அன்று செனயான் மைதானத்தில் கூடியிருந்த ஏறக்குறைய லட்சம் ஜனங்கள் நம்மவர் தோற்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள் என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். ஏன் கூச்சலிட்டார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. எனக்கோ அந்த 'ஏன்'தான் கோலைவிட முக்கியமாகப் படுகிறது.

இந்தோனேஷியா நமக்கு அன்னிய தேசமா என்ன? டச்சுக்காரர் அந்த நாட்டை மறுபடியும் அமுக்கப் பார்த்த சமயம், 1949 ஜனவரியில், டில்லியில் மகாநாடு கூட்டி உலகத்தை அதட்டியவர் நேரு. மறு வருஷம் நம் முதல் குடியரசு தின விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்தவர் சுகர்ணோ. 1955-ல் பாண்டுங்கில் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஏழே வருஷத்துக்குள், நம் ஸ்தானிகராலயத்தின் மீது கும்பல் பாய்ந்தது.

விஷயம் இதுதான். நான்காவது ஆசிய விளையாட்டை நடத்தும் பொறுப்பு இந்தோனேஷியாவிடம் இருந்தது. இஸ்ரேலும் தைவானும் 1954-ல் மணிலாவிலும் 1958-ல் டோக்கியோவிலும் கலந்துகொண்டவை, சம்மேளனத்தின் அங்கத்தினர்கள். அரபு நாடுகள் ஒரு பக்கமும் மக்கள் சீனா மறுபக்கமும் நெருக்க, இந்தோனேஷிய சர்க்கார் அந்த இரண்டு நாட்டாரும் உள்ளே வருவதற்கு அனுமதி தராமல் இருந்துவிட்டது. பந்திக்கு அழைத்துவிட்டு வாசற்கதவைச் சாத்தின கதை. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பளுதூக்குவோரின் சர்வதேசச் சங்கம் பிணங்கிக்கொள்ள, அந்தப் போட்டி நடக்கவே இல்லை.

அப்போது வாய் திறந்தவர் குரு தத் சோந்தி. லாகூர் அரசாங்கக் கல்லூரியில் பிரின்ஸிபாலாக இருந்தவர். எழுபதைத் தாண்டிய கிழவர். ஆசிய விளையாட்டு என்ற எண்ணத்துக்கே ஒரு விதத்தில் தகப்பனார். 1934-லேயே மேற்கு ஆசிய விளையாட்டு என்று ஒன்றை டில்லியில் நடத்திப் பார்த்தவர். ஆப்கானிஸ்தானமும் இலங்கையும் பாலஸ்தீனமும் அதற்கு வந்திருந்தன. அங்கத்தினர் இருவரை வெளியே நிறுத்திவிட்டு நடத்துகிற விழாவுக்கு 'ஆசிய விளையாட்டு' என்ற பெயர் பொருந்தாது என்று அவர் சொன்னார். சொன்னது அவ்வளவுதான். தங்கள் புது மைதானத்தையும் புதுக் கௌரவத்தையும் இந்தியா அவமதித்துவிட்டது என்று ஜகார்த்தாவில் கிளப்பிவிட்டார்கள். செப்டம்பர் 3-ம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்தானிகராலயத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். சோந்தி அன்றே விமானம் ஏறினார். மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டம்.

விருந்தாளியாகப் போன இடத்தில் சோந்தி பேசாமல் இருந்திருக்கலாம், ஊர் திரும்பிப் பேசியிருக்கலாம் என்று அபிப்பிராயப்பட்டவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. ஊர் திரும்பிய பிறகு பேசுவதற்கு எல்லாருக்கும்தான் தைரியம் வருகிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அவர் சொன்ன நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் பதினோரு ஆட்டக்காரர்கள். அவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை.

அந்தப் பதினொருவரின் நிலையோ ஏற்கனவே சொல்லும்படி இல்லை. முதல் ஆட்டத்தில் இதே கொரியாவிடம் 2-0 என்று தோற்றவர்கள். பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று கரையேறினார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து ஆறு தையல். கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜுக்கு ஜுரம். அவர் சிகந்திராபாதிலிருந்து ராணுவத்துக்குப் போய், 1955-ல் நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு டூராண்டு கோப்பை கிடைத்தபோது அந்தக் கோஷ்டியில் இருந்தவர். அரையிறுதியில் அவருக்குப் பதில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார்.

கோஷ்டியின் குரு சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடத்துக்கு வந்தது இவர் கையில்தான். உபாத்தியாயர்களுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எந்தப் பையனை எந்த பெஞ்சில் உட்கார வைத்தால் வகுப்பு நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தையல் போட்ட தலையோடு ஜர்னைலைப் பின்வரிசையில் நிறுத்தினால் வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டியாக வேண்டும். ரஹீம் அவரை உட்கார வைத்தாரா? இல்லை, முன்வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்தபோது காப்டன் சுனி கோஸ்வாமி இரண்டும் ஜர்னைல் ஒன்றும் அடித்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு, பர்மன் நன்றாகத்தானே காத்தார் என்று விட்டுவிடாமல், ஆறடிக்கு மேல் வளர்ந்த தங்கராஜைத் திரும்பக் கூப்பிட்டார். கொரியர்கள் உயரப் பந்து போடுகிறவர்கள் என்று அவருக்குக் கணக்கு.

மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் தலைப்பாகை வெளியே தெரியாமலிருக்க ஜர்னைல் கீழே உட்கார்ந்துகொண்டார் என்று கூட வந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். தேசிய கீதத்தின்போதும் கூச்சல் ஓயவில்லையாம். லட்சம் தொண்டைகளுக்கு எதிரே இந்தியாவுக்காகக் கை தட்டியவர்கள் ஒரு சிறு கூட்டம்: பாகிஸ்தான் ஹாக்கிக் கோஷ்டியினர். அதே ஜகார்த்தாவில்தான் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள் அவர்கள். ஜர்னைல், பாகிஸ்தானோடு போய்விட்ட லயால்பூர் ஜில்லாவில் பிறந்து, 1947-ல் சிறு பையனாக எல்லை தாண்டி வந்தவர். அந்தக் கைதட்டல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்? கதை எழுதுகிறவன் புத்தி, அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 17-வது நிமிஷத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிஷத்தில் ஜர்னைல் ஒரு கோல். மூன்றே நிமிஷ இடைவெளி. கொரியா சாமான்யமான கோஷ்டி அல்ல. 1956, 1960 இரண்டு முறையும் ஆசியக் கோப்பையை வென்றது. அது ஒரு கோலைத் திருப்பியபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிஷமே பாக்கி.

ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூன் 11-ம் தேதி காலமானார். இந்தியாவுக்கு அதற்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் கிடைத்தது 1970-ல் பாங்காக்கில் ஒரு வெண்கலம், தங்கம் வரவேயில்லை. 1963 பிப்ரவரியில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேஷியாவை விலக்கி வைத்தது. சுகர்ணோ கோபித்துக்கொண்டு, அந்த வருஷம் நவம்பரில் அதே செனயானில் 'கானெஃபோ' என்று தமக்கென ஒரு விளையாட்டு விழாவே நடத்தினார்.

சோந்தி 1966-ல் காலமானார். பானர்ஜி, கோஸ்வாமி, ஜர்னைல், தங்கராஜ் என்று பெயர்களை ஒப்பிக்கிற கால்பந்து ரசிகர்களிடம் நான் அவர் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அவர் எந்த இடத்தில் ஆடினார்?" என்று கேட்கிறார்கள்.