அனஸ்தீசியா என்று பெயர் வைத்தவர்

1846 அக்டோபர் 16. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை முகரச் செய்ய, ஜான் காலின்ஸ் வாரன் ஓர் இளைஞரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். கில்பர்ட் அபட் என்ற அந்த நோயாளி அலறவில்லை. பார்த்தவர்கள் வியந்த அந்த நிலைக்கு அன்று பொதுவான பெயர் எதுவும் இல்லை.

மார்ட்டன் தன் மருந்துக்கு 'லெத்தியான்' என்று பெயர் சூட்டினார். லீத்தி என்பது கிரேக்கப் புராணத்தில் மறதியின் ஆறு. ஊரறிந்த ஈதரில் நிறமும் மணமும் சேர்த்து, புதுப்பெயரால் மூடி, காப்புரிமையும் வாங்கினார். அந்த மறைப்பு நெடுநாள் நிற்கவில்லை. பெயரும் அதோடு போயிற்று.

நவம்பர் 21 அன்று மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் மார்ட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நிலைக்கு 'அனஸ்தீசியா', மருந்துக்கு 'அனஸ்தெட்டிக்' என்பது அவர் யோசனை. உலகமே சொல்லப்போகும் பெயர், கற்றவர்களைக் கலந்து முடிவு செய்யுங்கள் என்றும் எழுதியிருந்தார். அவர் கணிப்பு பலித்தது.

சொல் அவர் படைத்ததல்ல. கிரேக்கத்தில் 'ஐஸ்தேசிஸ்' என்றால் புலனுணர்வு. முன்னால் வரும் 'அன்' இன்மையைக் குறிக்கும். பிளேட்டோவிடம் இச்சொல் உண்டு. முதல் நூற்றாண்டு மருந்தியலாளர் தியோஸ்கோரிதீஸ், மாந்திரேக் செடி தரும் மரப்பைச் சொல்ல இதை ஆண்டார். அழகியலைக் குறிக்கும் 'ஈஸ்தெட்டிக்ஸ்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான்.

பெயர் அழகானது, ஆனால் அது பிறக்கக் காரணமான நோயாளிக்கே பொருந்தவில்லை. வலி இல்லை, கழுத்தைச் சுரண்டுவது போல மட்டும் இருந்தது என்றார் அபட். முதுகில் ஊசி போட்டு சிசேரியன் செய்துகொண்ட பெண்கள் இன்றும், "வலி தெரியல, ஆனா இழுக்கிறது தெரிஞ்சுது" என்கிறார்கள். மருந்து வேறு, அது வேலை செய்யும் இடமும் வேறு; அனுபவம் மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. உணர்வு, வலி, நினைவு, விழிப்பு ஆகியவை ஒரே பொத்தானில் அணையும் விளக்குகள் அல்ல.

மூளைப் படங்கள் இதைத்தான் காட்டுகின்றன. 1995இல் மைக்கேல் அல்கைர் குழுவினர் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைத் தந்து பெட் ஸ்கேன் எடுத்தபோது மூளையின் குளுக்கோஸ் செலவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆனாலும் மூளை முழுதாக அணைந்துவிடவில்லை. 2010இல் பெல்ஜியத்தின் லியேஜ் குழு எஃப்எம்ஆர்ஐயில் கண்டது இன்னும் நுட்பமானது. நினைவு தப்பியபின்னும் ஒலிக்கும் ஒளிக்கும் உரிய பகுதிகள் தமக்குள் பேசிக்கொண்டிருந்தன. நெற்றி மடலையும் உச்சி மடலையும் இணைக்கும் வலைகளில்தான் தொடர்பு நலிந்திருந்தது.

நெஞ்சை உலுக்கும் சோதனை ஒன்று உண்டு. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து முன்னங்கைக்குப் போகாதபடி மேல்கையில் பட்டை கட்டிவிட்டு, மயக்கத்தில் இருப்பவரிடம் "என் கையை அழுத்துங்கள்" என்பார்கள். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். வலிக்கிறதா என்று கேட்டபோது அவர்களில் 5 பேர் மீண்டும் அழுத்தினார்கள். இத்தகைய சோதனைகளில் கையை அழுத்துகிறவர்கள் பெரும்பாலும் பிறகு எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. மறதி ஆற்றின் பெயரைத் தூக்கி எறிந்தபோது உண்மையின் ஒரு பாதியையும் சேர்த்து எறிந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

1960களில் கெட்டமைன் என்ற மயக்க மருந்து வந்தபோது ஹோம்ஸின் சொல் தனியாக நிற்க முடியவில்லை. அம்மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் கண் திறந்திருந்தும் கைகால் உணர்வில்லாமல் விண்வெளியில் மிதப்பதாகச் சொன்னார்கள். ஆய்வாளர் எட்வர்ட் டொமினோவின் மனைவி, உலகிலிருந்து பிரிந்துபோன நிலை என்ற பொருளில் 'டிசோசியேட்டிவ்' என்ற அடைமொழியைச் சொல்ல, அதுவே நிலைத்தது.

தமிழில் நாம் 'மயக்கம்' என்கிறோம். மயங்குதல் என்றால் இலக்கணத்தில் கலத்தல். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. இன்மையைச் சொல்லாமல் கலங்கலைச் சொல்லும் இச்சொல், கிரேக்கப் பெயரைவிட மூளைப் படத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. பல் பிடுங்கும்போது போடுவதை 'மரத்துப்போகிற ஊசி' என்று மக்கள் தனியே பிரித்தும் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல் ஆக்குவோர் இந்த இரண்டையும் 'உணர்விழப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்கக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறவர், தான் தூங்கப்போகிறாரா, மரத்துப்போகப்போகிறாரா, நடந்ததை மறக்கப்போகிறாரா என்பதைத் தமிழிலேயே தனித்தனியாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.