ஒரு வெள்ளியின் இருபத்தாறு ஆண்டுகள்



ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்கு மைக்கா என்றால் விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

ம.இ.கா.வின் முயற்சியால் உருவான மைக்கா ஹோல்டிங்ஸ், 1984ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிப் பங்குகளை வெளியிட்டது. ஏறக்குறைய 66,000 பேர் சேர்ந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. அத்தனை நம்பிக்கைக்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் பறிபோன காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. போட்ட பணத்தைப் பால்மரமாகக் கண்ணால் பார்க்க முடிந்தது.

மைக்காவில் அது முடியாது. எந்தத் தொழிலை வாங்குவது, எதை விற்பது என்பதை நிர்வாகிகள் முடிவு செய்தார்கள். பங்குச் சந்தையில் அது இடம்பெறவில்லை. ஆகவே அவசரத்துக்கு விற்கவும் வழியில்லை. 2010இல் வேறொரு நிறுவனம் பங்குகளை வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை 80 காசு.

இன்னொரு முறையும் உலகில் இருந்தது. 1976இல் அமெரிக்காவில் ஜான் போகல் என்பவர் குறியீட்டு நிதியைத் தொடங்கினார். எந்த மரம் அதிகம் பால் தரும் என்று ஆராயாமல், நிரை முழுவதையும் வெட்டுவது போன்றது அது. சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கும். தேர்ந்தெடுக்க ஆள் வேண்டாம், கட்டணமும் குறைவு. பதினைந்து கோடி டாலர் எதிர்பார்த்தார். வந்தது ஒரு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம். பலர் சிரித்தார்கள்.

நம் கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 1984 இறுதியில் ஏறக்குறைய 300. 2010 இறுதியில் 1,500க்கு மேல். இரு பக்கமும் ஈவுத்தொகையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு பக்கம் ஒரு வெள்ளி 80 காசானது. மறுபக்கம் ஐந்து வெள்ளியானது. ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். 1984இல் நம்மவர் அந்தக் குறியீட்டை வாங்கியிருக்கவே முடியாது. நம் பங்குச் சந்தையிலேயே வாங்கி விற்கும் பங்குக் குறியீட்டு நிதி 2007இல்தான் வந்தது.

குறியீடும் விழும். 1998 செப்டம்பர் முதல் தேதி அது 262இல் நின்றது. பதினான்கு ஆண்டுக்கு முன்பிருந்ததை விடக் குறைவு. அந்த மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்தவருக்கு 2010ஆம் ஆண்டுக் கணக்கு எந்த உதவியும் செய்திருக்காது.