மண்ணில் சேரும் உலோக நஞ்சு: தைராய்டைக் காக்க மலை விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கொல்லிமலை வாழவந்தி நாட்டில் மிளகு, காபி, மரவள்ளி பயிரிடும் விவசாயிகளே, உரம், மருந்து வழியாக மண்ணில் சேரும் உலோகங்கள் எளிதில் வெளியேறுவதில்லை. அவை கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பியையும் பாதிக்கக்கூடும்.

ஆய்வுகள் சொல்வது

இத்தாலியின் எட்னா எரிமலையை ஒட்டிய கட்டானியா பகுதிப் பெண்களிடம் தைராய்டு புற்றுநோய், சிசிலித் தீவின் மற்ற இடங்களைவிட இரு மடங்குக்கு மேல் இருப்பதாக 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கு நிலத்தடி நீரில் மாங்கனீசு, வனேடியம் போன்றவை மிகுந்திருந்தன. உலோகமே காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை. இளம் வயதில் படும் கதிர்வீச்சுதான் நிரூபணமான காரணம். ஆனாலும் தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பது நல்லது.

எங்கிருந்து வருகிறது?

பாஸ்பேட் பாறையிலேயே காட்மியம் கலந்திருப்பதால் மணிச்சத்து உரங்களிலும் அது வரும். மண் புளிப்பாக இருந்தால் பயிர் அதை அதிகம் உறிஞ்சும். உடலில் சேர்ந்த காட்மியம் சிறுநீரகத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் தங்கும். புகையிலைச் செடியும் இதை நன்றாக உறிஞ்சுவதால் பீடி பிடிப்பவர் உடலில் கூடுதலாகச் சேரும்.

மேன்கோசெப் பூசணக்கொல்லியில் மாங்கனீசும் துத்தநாகமும் உள்ளன. அது சிதைந்து உண்டாகும் எத்திலீன் தயோயூரியா, எலிகளுக்குத் தைராய்டு கட்டிகளை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் இம்மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனை செய்யுங்கள். மண் புளிப்பாக இருந்தால் பரிந்துரைத்த அளவு சுண்ணாம்பு இடுங்கள். மணிச்சத்தைப் பரிசோதனைப்படி மட்டும் இடுங்கள்.
2. நகரக் குப்பை உரம் வாங்கினால் பரிசோதனைச் சான்று கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், காரீயம் 100 மில்லிகிராம் தாண்டக்கூடாது.
3. மிளகுக்குப் போர்டோ கலவை 1 சதவீதம் போதும் (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர்). தேவையின்றி அடித்தால் மண்ணில் செம்பு சேரும்.
4. மருந்தடிக்கும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அணியுங்கள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். அடித்து முடித்ததும் குளியுங்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள். காலி டப்பாவில் உப்போ தண்ணீரோ வைக்காதீர்கள்.
5. மருந்து அட்டையில் குறித்த நாள்கள் கழியாமல் அறுவடை செய்யாதீர்கள்.

கழுத்தைப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள். விழுங்கும்போது மேலும் கீழும் நகரும் கட்டி தெரிந்தாலோ, வாரக்கணக்கில் குரல் கம்மியிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல; புற்றுநோயானாலும் தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணமாகும். பெண்களுக்கே இது அதிகம் வருவதால் வீட்டுப் பெண்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மரவள்ளி அதிகம் உண்ணும் வீடுகளில் அயோடின் உப்பு அவசியம். கிழங்கிலுள்ள நச்சு, தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும். கிழங்கைத் தோல் நீக்கி, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணுங்கள்.